குளிரில் வியர்த்து வரும் குதிரையை எப்படிக் காயவைப்பது?

கேள்வி: டிசம்பர் 27, மாலை 6.50

மூணாறில் மாட்டுப்பட்டி ரோட்டில் இரண்டு மட்டக்குதிரை வைத்துச் சவாரி விடுகிறோம். பெரியது அந்தியூர்ச் சந்தையில் வாங்கியது, சின்னது கொடைக்கானலிலிருந்து வந்தது. இப்போது சீசன். கடைசிச் சவாரி முடிந்து கொட்டகைக்கு ஏறி வர ஐந்தரை ஆகிவிடுகிறது. நெஞ்சு, முதுகு, தொடை இடுக்கு எல்லாம் நனைந்து மேலே ஆவி பறக்கிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் நமக்கே விரல் மரத்துப்போகிற குளிர். அப்பா தார்ப்பாயைப் போர்த்திக் கட்டு என்கிறார். பக்கத்து லயத்துத் தாத்தா, சூட்டோடு தண்ணி காட்டினால் குதிரை விழுந்துவிடும், ஏழு மணி வரை வாயில் தண்ணியே படக்கூடாது என்கிறார். காலையில் தார்ப்பாயைத் தூக்கினால் முதுகு இன்னும் ஈரம். சின்னது இருமுகிறது. குதிரை பழகினவர்கள் யாராவது சொல்லுங்கள்.

டிசம்பர் 27, இரவு 7.20

தம்பி, முதலில் போய்த் தார்ப்பாயை எடுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். தார்ப்பாய் மழையை உள்ளே விடாது. அதே காரணத்தால் வியர்வையை வெளியேயும் விடாது. உடம்பிலிருந்து கிளம்புகிற ஆவி அதன் அடிப்பக்கத்தில் பட்டுத் தண்ணீராகி முதுகிலேயே இறங்கும். காலையில் நீங்கள் தொட்டது நேற்றைய வியர்வை.

இன்று ராத்திரிக்கு வேண்டியது உலர்ந்த சாக்கு இரண்டு, ஒரு கட்டு வைக்கோல், ஒரு கம்பளி. சாக்கைச் சுருட்டி மயிர் படிந்திருக்கிற போக்குக்கு எதிராகத் தேயுங்கள். மயிர் எழுந்து நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. பிறகு முதுகிலும் இடுப்பிலும் வைக்கோலை நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே கம்பளியைப் போட்டு, நெஞ்சில் ஒரு கட்டு, வயிற்றைச் சுற்றி ஒரு கட்டு. இறுக்க வேண்டாம், இரண்டு கை நுழைய வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் போய்க் கம்பளியின் மேல்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பொடிப்பொடியாக நீர் நிற்கும். ஈரம் தோலை விட்டு ஏறி வந்துவிட்டது என்று அர்த்தம். வைக்கோலை உருவிவிட்டு, உலர்ந்த வேறு கம்பளி இருந்தால் மாற்றுங்கள்.

தண்ணீர் காட்டுங்கள். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

டிசம்பர் 28, காலை 6.15

நான் சிறு வயதில் ஊட்டியில் பந்தய லாயத்தில் வேலை கற்றவன். இப்போது குண்டளைப் பக்கம் இருக்கிறேன், சவாரிக் குதிரைகளோடுதான் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

குளிர் குதிரைக்குப் பெரிய எதிரி இல்லை. மயிர் உலர்ந்து, வயிறு நிறைந்து, காற்று நேராக அடிக்காமல் இருந்தால் நம் ஊர்க் குளிரை ஒரு நல்ல குதிரை சட்டை செய்யாது. மயிர் சிலிர்த்து நிற்கும்போது நடுவில் காற்று சிறைப்படுகிறது, அதுதான் அதன் போர்வை. நனைந்ததும் மயிர் தோலோடு ஒட்டிக்கொள்கிறது, போர்வை போய்விடுகிறது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதோடு ஒரு லிட்டர் வியர்வை ஆவியாக 580 கிலோ கலோரி அளவுக்குச் சூடு வேண்டும். ஓடும்போது அந்தச் சூடு மிச்சமாக இருக்கிறது, போனால் நல்லது. நின்ற பிறகும் ஈரம் அதே கணக்கில் பிடுங்கிக்கொண்டே இருக்கும், உடம்போ சூடு உண்டாக்குவதைக் குறைத்துவிட்டது. அப்போதுதான் நடுக்கம் வருகிறது.

ஆகவே ஈரம், நிற்பது, காற்று என்ற மூன்றும் ஒன்றாகச் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. நனைந்த குதிரை நடந்துகொண்டிருந்தால் பரவாயில்லை. உலர்ந்த குதிரை நின்றால் பரவாயில்லை. நனைந்ததை வாசலில் கட்டிவிட்டு டீ குடிக்கப் போவதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. சீசனில் ரோட்டோரம் தினமும் பார்க்கிறேன், மனசு கேட்பதில்லை.

டிசம்பர் 28, மாலை 4.05

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். முக்கியமானதை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. உலர்த்தும் வேலை கொட்டகையில் தொடங்குவதில்லை, ரோட்டில் தொடங்குகிறது.

கடைசிச் சவாரி இறங்கியதும் ஆளை ஏற்றாதீர்கள், நீங்களும் ஏறாதீர்கள். சேணத்தின் வயிற்று வாரை ஒன்றிரண்டு துளை தளர்த்திவிட்டுக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு வாருங்கள். சேணத்தை உடனே கழற்ற வேண்டாம். இவ்வளவு நேரம் அமுங்கிச் சூடாக இருந்த முதுகில் சட்டென்று குளிர்காற்று படும். தளர்த்தி நடந்தால் அடியில் மெல்லக் காற்று புகுந்து, கொட்டகைக்கு வரும்போது முதுகு பாதி காய்ந்திருக்கும். காற்று பலமாக அடித்தால் இடுப்பின் மேல் ஒரு கம்பளியை மடித்துப் போட்டு நடத்துங்கள். பெரிய சதைகள் அங்கேதான் இருக்கின்றன.

ஊட்டியில் எங்கள் பெரியவர் ஓடிவந்த குதிரையைக் கையில் பிடித்து வட்டமடிக்க விடுவார். மூச்சு விலாவில் தெரியாத அளவுக்கு அடங்கும் வரை நிற்க விடமாட்டார். பத்து நிமிடமா, இருபதா என்று கேட்டால் “அதைக் கேள்” என்று குதிரையைக் காட்டுவார். நீங்கள் புதிதாகக் கற்கிறீர்கள், அதனால் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மட்டக்குதிரைக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். மூச்சு 8 முதல் 16 வரை. தாடை எலும்பின் கீழ்விளிம்பில் விரலை ஓட்டினால் கயிறு மாதிரி ஒன்று உருளும், அங்கே நாடி பாருங்கள். நெடுந்தூரக் குதிரைப் போட்டிகளில் நாடி 64-க்குக் கீழே இறங்கினால்தான் அடுத்த கட்டத்துக்கு விடுகிறார்கள். ஏரியோரம் சுற்றி வந்த சவாரிக் குதிரைக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடையில் 60-க்குக் கீழே வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் வேலை அதிகம், அல்லது உள்ளே ஏதோ இருக்கிறது.

டிசம்பர் 28, மாலை 4.30

மேலே விட்டது: கொட்டகை மேட்டில் இருக்கிறது என்கிறீர்கள். ஏற்றத்தில் நடத்தினால் மறுபடி வியர்க்கும். கீழே சமதளத்தில் நடத்தி மூச்சை அடக்கிவிட்டு, ஏற்றத்தை மெதுவாக, இடையில் நின்று நின்று ஏறுங்கள்.

டிசம்பர் 29, காலை 5.50

தண்ணீர் விஷயம். தாத்தா சொல்வது அவர் இட்டுக்கட்டியது இல்லை. சூடான குதிரைக்குத் தண்ணீர் காட்டினால் சூலை என்கிற கடும் வயிற்றுவலி வரும், குளம்பு கெடும் என்று குதிரை வளர்த்த பல நாடுகளிலும் நம்பினார்கள். எங்கள் பெரியவரும் நம்பினார். ஆனால் உழைத்து வந்த குதிரைகளுக்கு உடனே தண்ணீர் வைத்தும், தாமதித்து வைத்தும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். உடனே குடித்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. காக்க வைத்தவற்றில் தாகம் தணிந்துபோய், மொத்தத்தில் குறைவாகக் குடித்தவை உண்டு.

இதற்குக் காரணம் வியர்வையில் இருக்கிறது. நம் வியர்வை ரத்தத்தைவிடத் தண்ணியானது. வியர்த்தால் ரத்தத்தில் உப்பு ஏறும், மூளை “தண்ணி குடி” என்று சொல்லும். குதிரையின் வியர்வையில் உப்பு ஏறக்குறைய ரத்தத்தில் இருக்கிற அளவுக்கு, சில சமயம் அதற்கு மேலும் இருக்கிறது. தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போவதால் தாகம் உறைப்பதில்லை. வற்றிப்போன குதிரை வாளியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், நாமும் சரி, தாகமில்லை போல என்று விட்டுவிடுவோம். குளிர்காலத்தில் இது இன்னும் மோசம். மூணாறு ஜனவரித் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும், குதிரை குறைவாகத்தான் குடிக்கும். உள்ளே காய்ந்த புல், தண்ணீர் போதாது. சாணம் இறுகி வருகிற சூலைக்கு இது நேர்வழி. தண்ணீர் கொடுத்தால் சூலை வரும் என்று பயந்து, கொடுக்காமல் சூலையை வரவழைக்கிறோம்.

நான் செய்வது: அடுப்பில் காய்ந்த தண்ணீரைக் கலந்து, கையை விட்டால் சில்லென்று இல்லாத அளவுக்கு ஆக்கி, வந்தவுடன் முதல் வாளி. நிறைய வியர்த்திருந்தால் அதில் லிட்டருக்கு 9 கிராம் கணக்கில் கல்லுப்பு, ஐந்து லிட்டருக்கு 45 கிராம். வந்த வேகத்தில் குடித்துவிடும், அந்த உப்பு மறுபடி தாகத்தை எழுப்பும். பக்கத்திலேயே வெறும் தண்ணீர் வாளியும் இருந்தாக வேண்டும். உப்புத் தண்ணீரை மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

தினசரி உப்பையும் மறக்க வேண்டாம். 500 கிலோ குதிரைக்கு வேலையில்லாத நாளில் 30 கிராம் போல. உங்கள் மட்டம் 250 கிலோ இருந்தால் பாதி, வியர்த்த நாளில் கூட.

டிசம்பர் 29, இரவு 8.10

கொட்டகைக்குள் நெருப்பு மூட்டலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். வைக்கோல், புல், கட்டிப்போட்ட விலங்கு, நெருப்பு. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. புகையும் நுரையீரலுக்குக் கேடு.

டிசம்பர் 30, காலை 9.30

காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு “காய்ஞ்சிருச்சு” என்பவர்கள்தான் அதிகம். முதுகு முதலில் காயும். கடைசியில் காய்கிற இடங்களில் கைவைக்க வேண்டும்: முன்கால் உடம்போடு சேரும் இடத்துக்குப் பின்னால், வயிற்று வார் ஓடிய தடம், நெஞ்சின் நடுக்குழி, தொடை இடுக்கு, காதின் அடி, பிடரி மயிருக்குக் கீழே கழுத்து. நேற்று சாயங்காலம் என் கிழட்டுப் பெண்குதிரையை இப்படிப் பார்த்தேன். முதுகு மொரமொரவென்று உலர்ந்து, உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. முன்காலுக்குப் பின்னால் விரலை நுழைத்தால் மயிர் கூர்கூராக ஒட்டி, தோல் ஈரமும் சில்லிப்புமாக இருந்தது. மேல் மயிரை மட்டும் தொடாதீர்கள், விரல் நுனி தோலில் பட வேண்டும். ஈரமாக இருந்தும் சூடாக இருந்தால் அவசரமில்லை, காய்ந்துகொண்டிருக்கிறது. ஈரமும் சில்லிப்பும் சேர்ந்தால் உடனே சாக்கை எடுங்கள்.

காதைத் தொட்டுப் பார்ப்பதும் நல்ல பழக்கம். காதின் அடி சில்லிட்டிருந்தால் உடம்பு சூட்டை இழக்கிறது. இரண்டு காதையும் அடியிலிருந்து நுனி வரை உள்ளங்கைக்குள் வைத்து மெல்ல உருவிவிடுங்கள். என்னுடையது தலையைத் தாழ்த்தி, கீழுதட்டைத் தொங்கவிட்டு, என் தோளில் முழு எடையையும் சாய்த்துவிடும். முடித்துவிட்டேன் என்று நகர்ந்தால் இன்னொரு காது இருக்கிறதே என்று முகத்தால் இடிக்கும். இரண்டையும் உருவிய பிறகும் இடிக்கும்.

உப்புப் பூத்த இடத்தில் குரப்பமோ (குதிரை தேய்க்கும் பல் சீப்பு) தேங்காய் நாரோ போட்டுத் தேய்த்து உதிர்த்துவிடுங்கள். அப்படியே விட்டு மறுநாள் சேணம் ஏற்றினால் மணல்தாள் போட்டுத் தேய்த்த கதை. சேணத்துக்கடியில் போடுகிற கம்பளியையும் முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் துவைத்து வெயிலில் போட வேண்டும்.

டிசம்பர் 31, பகல் 1.40

வியர்வை நுரைக்கிறதே, அது நோயா என்று ஒருவர் கேட்டிருந்தார். நோயில்லை. குதிரையின் வியர்வையில் லாதரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது சோப்பு போல வேலை செய்து, எண்ணெய்ப் பசையுள்ள மயிரிலும் வியர்வையைப் பரவவிடுகிறது. தோலில் ஊறியது மயிர் நுனி வரை போய் ஆவியாக இந்த ஏற்பாடு. கடிவாள வார் உரசும் கழுத்திலும் தொடைகளுக்கு நடுவிலும் வெள்ளை நுரை கட்டுவது இதனால்தான். வெயில் நாட்டில் இது வரம். நமக்கு மார்கழி ராத்திரியில் இதுவே தொல்லை, ஏனென்றால் மயிர் அடிவரை நனைந்துவிடுகிறது.

உங்கள் பெரியது அந்தியூர்ச் சந்தையில் வந்தது என்றீர்களே, காது நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிறதா? அப்படியென்றால் மார்வாரி அல்லது கத்தியவாரி ரத்தம் இருக்கும். வறண்ட நாட்டு இனம், மெல்லிய தோல், குட்டை மயிர். சீக்கிரம் காயும், சீக்கிரம் குளிரும். கொடைக்கானல் மட்டம் நேரெதிராக இருக்கும், மயிர் அடர்த்தி, காய நேரமெடுக்கும், குளிரைத் தாங்கும். இரண்டுக்கும் ஒரே கணக்குப் போடாதீர்கள். பெரியதுக்குக் கம்பளி முக்கியம், சின்னதுக்குத் தேய்ப்பது முக்கியம்.

இன்னொன்றும் உண்டு. குதிரை குளிர்கால மயிர் வளர்ப்பது பெரும்பாலும் பகல் நீளத்தைப் பார்த்து. மூணாறு 10 பாகை வடக்கில் இருக்கிறது. மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒரு மணி சொச்சம்தான் வித்தியாசம். இங்கிலாந்தில் அது எட்டு மணி நேரத்துக்கும் மேல். ஆகவே நம் குதிரைகளுக்கு அந்த ஊர்க் குதிரை மாதிரிப் போர்வை வளர்வதில்லை, செண்டுவாரையில் புல்மேல் உறைபனி நின்றாலும். அங்கே மைனஸ் பத்திலும் போர்வையில்லாமல் நிற்கிறது என்று வீடியோவில் பார்த்துவிட்டு இங்கே விட்டுவிடக் கூடாது.

ஜனவரி 2, இரவு 9.15

வைக்கோல் முறையைச் செய்து பார்த்தவர் ஒருவர், குதிரை கழுத்தைத் திருப்பி வைக்கோலை உருவித் தின்றுவிட்டது என்கிறார். தின்னத்தான் செய்யும். முன்னால் நல்ல புல் போட்டுவிட்டு அடுக்கினால் முதுகுப் பக்கம் திரும்பாது. வைக்கோல் புத்தம்புது உலர்வாக இருக்க வேண்டும், கம்பம் தேனிப் பக்கத்திலிருந்து லாரியில் வரும்போது அடிக்கட்டு நனைந்திருக்கும், அதை முதுகில் போட்டால் பூஞ்சைதான் மிஞ்சும். வைக்கோல் ராத்திரி முழுக்க இருக்கத் தேவையில்லை. ஈரம் ஏறியதும் அதன் வேலை முடிந்தது.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்கு: பழைய ஆங்கில லாயங்களில் இது சாதாரணம், சணல் போர்வைக்கு அடியில் வைக்கோல். நம் மலைக்கு எப்போது வந்தது என்பதை எழுதிவைத்தவர் யாரும் என் கண்ணில் படவில்லை, ஆனால் தோட்டத்துரைகள் குதிரையில் மலை சுற்றிய காலம் ஒன்று இருந்தது. ரோடு சரியில்லாத காலம். 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்த வண்டி, 1908-இல் ரயில், அது 1924 வெள்ளத்தில் அடித்துப்போனது. தேயிலை டாப் ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து கம்பியில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. துரை குதிரையை விட்டு இறங்கி பங்களாவுக்குள் போய்விடுவார். நனைந்த குதிரையோடு வெளியே நின்றவர் குதிரைக்காரர். பெரும்பாலும் நம் ஆட்கள்தான். இந்த வேலையின் அறிவு அவர்கள் கையில்தான் இருந்தது, யாரும் கேட்டு எழுதவில்லை. அதனால்தான் இங்கே இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கம்பளி என்றால் கம்பளிதான், தம்பி. பாலியஸ்டர் போர்வை பளபளப்பாக இருக்கிறது என்று வாங்காதீர்கள். அதில் ஃபிளீஸ் என்று விற்பது மட்டும் ஈரத்தை வெளியே கடத்தும். ஆட்டு மயிர்க் கம்பளி பாதி நனைந்தாலும் சூடு தரும். பழைய கருப்புக் கம்பளி வீட்டில் இருந்தால் அதுவே போதும்.

ஜனவரி 3, காலை 7.00

எல்லா வியர்வையும் உலர்த்தினால் தீர்வதில்லை. சீசனில் ஒரு நாள் மழை, சவாரி இல்லை, குதிரை கொட்டகையில் நின்றபடி வழக்கம்போலக் கொள்ளு தின்றது. மறுநாள் சவாரி தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் கொட்டக்கொட்ட வியர்த்து, பின்கால் விறைத்து, நகர மாட்டேன் என்கிறது. இடுப்புச் சதையைத் தொட்டால் பலகை. மூத்திரம் காப்பி நிறம். இது சதை சிதைகிற நோய். இதை “நடத்து, சரியாகிவிடும்” என்று இழுத்தால் சதை மேலும் சிதையும், சிறுநீரகம் போகும். நின்ற இடத்திலேயே போர்த்தி, தண்ணீர் வைத்து, மாட்டாஸ்பத்திரி டாக்டரை வரவழையுங்கள். வேலையில்லாத நாளில் கொள்ளையும் தவிட்டையும் பாதியாகக் குறைத்துவிட்டால் பெரும்பாலும் இது வராது.

அதேபோல், நிறுத்திப் பராமரித்தும் ஒரு மணி நேரம் கழித்தும் வியர்வை நிற்கவில்லை, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, காலால் தரையைக் கீறுகிறது என்றால் அது வலி. சாக்கை வைத்துவிட்டு போனை எடுங்கள். ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவைப்பது நல்லது. 37.5 முதல் 38.5 வரை சரி.

ஜனவரி 5, மாலை 5.20

கொள்ளு பற்றி வீட்டில் சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா ராத்திரி சூட்டுக்கு வேகவைத்த கொள்ளு ஒரு படி கூடப் போடு என்கிறாராம். அப்பாவோடு சண்டை வேண்டாம், கொள்ளு உழைப்புக்கு நல்ல தீனிதான், வேகவைப்பதும் சரி. ஆனால் ராத்திரி முழுக்க உடம்பைச் சூடாக வைப்பது புல்லும் வைக்கோலும்தான். குதிரையின் பெருங்குடலில் நார் புளித்து உடைகிறபோது சூடு பிறக்கிறது, மணிக்கணக்கில் பிறந்துகொண்டே இருக்கும். நடுக்கம் கண்ட குதிரைக்கு முதலில் புல் போடுங்கள். கொள்ளு கொடுப்பது, வந்து ஒரு மணி நேரம் கழித்து, மூச்சும் நாடியும் அடங்கி, தண்ணீர் குடித்த பிறகு.

ஜனவரி 8, இரவு 10.05

இத்தனை நாள் உலர்த்துவதையே பேசிக்கொண்டிருந்தோம். இன்று மதியம் எக்கோ பாயின்ட் பக்கம் நின்றபோது தோன்றியதைச் சொல்கிறேன்: கடைசிச் சவாரி எப்போது முடிகிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

ஜனவரிப் பகல் இங்கே நல்ல வெயில், இருபது டிகிரிக்கு மேல் போகும். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் பள்ளத்தில் சூடு சட்டென்று விழுகிறது. மூன்றரைக்கு நனைந்த குதிரை, வெயிலில் கையில் பிடித்து நடந்தால் நாலேகாலுக்குத் தானே காய்ந்துவிடும். சாக்கும் வேண்டாம் வைக்கோலும் வேண்டாம். ஐந்தரைக்கு நனைந்ததை ஒன்பது மணி வரை தேய்க்கிறோம். ஒரே வியர்வை.

காசு தெரியும். மாட்டுப்பட்டி அணை பார்த்துவிட்டு வண்டிகள் திரும்புவதே நாலு மணிக்கு மேல்தான், அந்தக் கடைசி இரண்டு சவாரியில்தான் தீனிக் காசு வருகிறது. அதை விடு என்று சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் நாலு மணிக்கு மேல் ஓட்டமும் வேண்டாம், ஏற்றமும் வேண்டாம். குழந்தையை ஏற்றிச் சமதளத்தில் கையில் பிடித்து நடத்துங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். அதே காசு, குதிரை வியர்க்காது. தடித்த ஆள் வந்து “ஓட விடுப்பா” என்றால் முடியாது என்று சொல்லுங்கள். சொல்லப் பழகுங்கள். குதிரை சொல்லாது.

சின்னதுக்கு மயிர் அவ்வளவு அடர்த்தியாக இருந்தால், கழுத்தின் அடிப்பக்கம், நெஞ்சு, விலாவின் கீழ்ப்பகுதியில் மட்டும் மயிரைக் கத்தரித்துவிடும் முறை ஒன்று இருக்கிறது, டிரேஸ் கிளிப் என்பார்கள். அதிகம் வியர்க்கிற இடம் திறந்திருக்கும், முதுகும் இடுப்பும் மூடியிருக்கும். கத்தரித்தால் ராத்திரி கம்பளி கட்டாயம். ஒரு நாளும் தவறாது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் செய்யுங்கள்.

ஜனவரி 11, காலை 6.30

முதுகு காய்கிறது, ஆனால் சின்னதின் இருமல் நிற்கவில்லை என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய கொட்டகைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரில் இருக்கும் எல்லாச் சந்துகளையும் சாக்கு வைத்து அடைத்திருக்கிறீர்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அங்கேதான் இருமல் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குதிரை நிற்கும் இடத்தில் மூத்திரத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். வைக்கோலிலும் புல்லிலும் தூசியும் பூஞ்சைப் பொடியும் இருக்கும். மேல்சந்து அடைபட்டால் இதெல்லாம் போக வழியில்லை, வியர்த்த உடம்பின் ஆவியும் கூரைத் தகரத்தில் பட்டுச் சொட்டும். காலையில் கதவைத் திறந்ததும் உங்கள் கண் எரிகிறதா? எரிந்தால் அதைத்தான் அது ராத்திரி முழுக்க மூச்சாக இழுத்திருக்கிறது. குதிரையின் நெஞ்சுயரம் வரை அடைப்பை வையுங்கள், காற்று நேராக உடம்பில் அடிக்க வேண்டாம். அதற்கு மேல் முழுக்கத் திறந்துவிடுங்கள். குளிரட்டும். உலர்ந்த குதிரைக்குக் குளிர் ஒன்றும் செய்யாது என்று முதலிலேயே சொன்னேன். புல்லைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிப் போடுங்கள், தூசி அடங்கும், தண்ணீரும் கொஞ்சம் உள்ளே போகும்.

காய்ச்சல் இருந்தாலோ, மூக்கில் கெட்டிச் சளி வந்தாலோ, தாடைக்கடியில் வீங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள், பெரியதைப் பிரித்து வேறிடத்தில் கட்டுங்கள், வாளியையும் பிரியுங்கள். அது தொற்றாக இருக்கலாம்.

ஜனவரி 11, காலை 6.45

முதுகில் சிறு சிறு பொருக்கு, இழுத்தால் மயிர்க் கொத்தோடு வருகிறது என்று வேறொருவர் படம் போட்டிருக்கிறார். நாள்கணக்கில் ஈரம் நின்றதால் வருகிற தோல் தொற்று மாதிரி இருக்கிறது. நம் ஊரில் குளிரைவிட ஆனி ஆடி மழையில்தான் இது அதிகம். பொருக்கை ஊறவைத்து மெல்ல எடுத்து, உலர வைத்து, மருந்தை டாக்டரிடம் கேளுங்கள். அந்தக் குதிரையின் கம்பளியை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

ஜனவரி 14, பகல் 11.10

மாட்டுப் பொங்கலுக்குக் குதிரையையும் குளிப்பாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் மாட்டுக்குச் செய்கிற மாதிரி விடியற்காலையில் வேண்டாம். பதினோரு மணிக்கு மேல், காற்றில்லாத வெயில் இடத்தில், வெதுவெதுத் தண்ணீரில். வியர்வைத் தடமும் சேணத் தடமும் பிடரியும் போதும். ஊற்றியதும் உள்ளங்கையின் ஓரத்தால் தண்ணீரை வழித்துவிட்டு, துண்டால் ஒற்றி, கையில் பிடித்து நடத்துங்கள். இரண்டு மணிக்குள் முன்காலுக்குப் பின்னால் வரை காய்ந்திருக்க வேண்டும். மேகம் போட்டிருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பொட்டு வைத்து மாலை போடுங்கள், குளியலை அடுத்த வெயிலுக்குத் தள்ளுங்கள். மாலையில் அரளி வேண்டாம், குதிரை தின்றால் உயிருக்கு ஆபத்து. செவ்வந்தி கட்டுங்கள்.